கறுப்புப் புத்தகமும் ஒரு தொலைபேசி அழைப்பும்

அப்பா ரீனோவுக்கு வந்த இரண்டாவது வாரமே அவருக்குப் பொழுது போகவில்லை. நடக்க ஆளில்லாத தெரு, பேச ஆளில்லாத பூங்கா. ஒரு சனிக்கிழமை தாஹோ ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலையேறி இறங்கினால் ஏரியின் வடகரையில் கிரிஸ்டல் பே என்று ஒரு சின்ன ஊர். அங்கே சாலையை ஒட்டிக் கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு பழைய விடுதி மூடிக் கிடந்தது. கேல்-நீவா என்று பெயர். பாதி கலிஃபோர்னியா, பாதி நெவாடா. மாநில எல்லைக்கோடு கட்டடத்துக்கு நடுவிலேயே ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் சாப்பிடலாம், தூங்கலாம்; சூதாட்ட மேசைகள் அந்தப் பக்கம் மட்டும்தான். 2013-ல் மூடியது. நாங்கள் போனது 2018 கோடை.

"இது ஃபிராங்க் சினாட்ரா நடத்தின இடம்ப்பா. பெரிய பாடகர். நம்ம ஊர்ல சினிமா ஹீரோவும் பின்னணிப் பாடகரும் ஒரே ஆளா இருந்தா எப்படியோ, அப்படி. அவரோட லைசென்ஸை கவர்மெண்ட் பிடுங்கிடுச்சு."

அப்பாவுக்கு சினாட்ராவில் அக்கறை இல்லை. "பிடுங்கினது யாரு? சூதாட்டத்துக்குன்னு ஒரு டிபார்ட்மெண்டா வச்சிருக்கான் இங்க?" என்று கேட்டார். முப்பத்து மூன்று வருடம் வணிகவரித் துறையில் இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு அடுத்தபடியாக அவர் விசாரிப்பது அந்த ஊர் அரசாங்க அலுவலகங்களைப் பற்றித்தான்.

இருக்கிறது என்றேன். அந்த டிபார்ட்மெண்ட் இல்லாவிட்டால் எனக்கே சம்பளம் கிடையாது. ஸ்லாட் மெஷின் செய்யும் கம்பெனியில் மென்பொருள் சோதிப்பவன் நான். நாங்கள் மாற்றும் ஒவ்வொரு வரி நிரலும் நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த மெஷினிலும் ஏறாது. பல வருடம் அந்த வாரியத்தின் பெயரைப் படிவங்களில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை யார் நடத்தினார்கள், எப்படி நடத்தினார்கள் என்று யோசித்ததே இல்லை. அப்பா கேட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தேடியதில் அகப்பட்டவர் எட் ஓல்சன் என்ற பழைய பத்திரிகைக்காரர்.

அவருக்கு முன்னால் கொஞ்சம் பின்கதை வேண்டும். நெவாடா 1931 மார்ச்சில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பெருமந்தக் காலம், சுரங்கங்கள் படுத்துவிட்டன, பாலைவனத்தில் வேறு என்ன விளையும்? அதே பருவத்தில் விவாகரத்துக்கு ஆறு வாரம் தங்கினால் போதும் என்றும் சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த மாநிலங்களில் பாவம் என்று சொன்னதையெல்லாம் இவர்கள் வருமானமாக்கினார்கள். முதல் பதினான்கு வருடம் லைசென்ஸ் கொடுத்ததெல்லாம் கவுண்டி அதிகாரிகளும் உள்ளூர் ஷெரிஃப்களும்தான். 1945-ல்தான் மாநில அரசு தானே லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கி, மொத்த வரவில் ஒரு சதவீதம் வரி போட்டது. அந்த வேலையைக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? வரி ஆணையத்திடம். "அப்படிச் சொல்லு" என்றார் அப்பா.

வரி ஆணையத்தாருக்குப் பணம் எண்ணத் தெரியும், ஆட்களை எடைபோடத் தெரியாது. 1946 கடைசியில் பக்ஸி சீகல் லாஸ் வேகாஸில் ஃபிளமிங்கோவைத் திறந்தார். ஆறு மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்திச் சம்பாதித்த பணம் கிளீவ்லாந்திலிருந்தும் சிகாகோவிலிருந்தும் பாலைவனத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1950-ல் செனட்டர் கெஃபாவரின் விசாரணைக் குழு நாடு முழுக்கச் சுற்றிக் குற்றக் கும்பல்களை விசாரித்தபோது நெவாடாவின் மானம் கப்பலேறியது. 1955-ல் வரி ஆணையத்துக்குள்ளேயே மூன்று பேர் கொண்ட கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்தார்கள். 1959-ல் கிராண்ட் சாயர் என்ற இளம் ஆளுநர் வந்தார். சூதாட்டத்தை வரி ஆணையத்திடமிருந்து முற்றிலும் பிரித்து, தீர்ப்புச் சொல்ல ஒரு தனி ஆணையம், விசாரிக்கவும் பரிந்துரைக்கவும் அந்த வாரியம் என்று இரண்டு அடுக்காக்கினார். இன்றைக்கும் ஏற்பாடு அதுதான்.

சட்டத்தின் அச்சாணி ஒரே ஒரு கருத்து. சூதாட்ட லைசென்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது, அரசு கொடுக்கும் சலுகை. மளிகைக் கடைக்காரரின் லைசென்ஸை ரத்து செய்ய அரசாங்கம் அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். இங்கே தலைகீழ். நான் தகுதியானவன் என்று விண்ணப்பதாரர்தான் நிரூபிக்க வேண்டும். அப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் தலையாட்டினார். "இந்த ஒரு ஷரத்து எனக்குக் கிடைச்சிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

சாயருக்கு அவசரம் இருந்தது. வாஷிங்டன் நெவாடாவின் கழுத்தில் கை வைக்கக் காத்திருந்தது. 1961-ல் ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரல் ஆன சூட்டோடு, மத்திய அரசின் ஆட்கள் அறுபத்தைந்து பேரை நெவாடாவின் துணை அதிகாரிகளாக நியமிக்கச் சொல்லி, ஒரே நேரத்தில் எல்லா காசினோக்களிலும் சோதனை போடத் திட்டமிட்டார் என்று சாயர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் விமானம் ஏறிப்போய்த் தம்பி கென்னடியிடம் சண்டை போட்டு, அண்ணன் கென்னடியையும் பார்த்துத் தடுத்திருக்கிறார். நாங்களே வீட்டைச் சுத்தம் செய்துகொள்கிறோம் என்பதுதான் அவருடைய வாதம். அப்படியானால் சுத்தம் செய்வதாகக் காட்டியாக வேண்டும் இல்லையா?

காட்டுவதற்கு ஒரு கருவி ஏற்கெனவே தயாராக இருந்தது. 1960 ஜூனில் வாரியம் காசினோக்களுக்கு ஒரு சிறு ஏட்டை அனுப்பியது. கறுப்பு அட்டை. உள்ளே பதினொரு பேரின் பெயரும் படமும். இவர்களை உள்ளே விட்டால் உங்கள் லைசென்ஸுக்கு ஆபத்து என்று ஒரு கடிதம். கறுப்புப் புத்தகம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வாரியத் தலைவராக அப்போது இருந்தவர் ரே அபட்டிக்கியோ, முன்னாள் எஃப்.பி.ஐ. ஆள். அந்தப் பதினொரு பேரில் யாருக்கும் நோட்டீஸ் கொடுக்கவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. எந்தச் சட்டப் பிரிவும் அப்படி ஒரு பட்டியல் போடலாம் என்று சொல்லவில்லை. பதினொன்றில் எட்டு, இத்தாலியப் பெயர்கள். கிளீவ்லாந்துக் கும்பலின் பழைய சாராயக் கடத்தல்காரர் மோ டாலிட்ஸோ அதே நேரத்தில் அரசு லைசென்ஸோடு டெஸர்ட் இன் காசினோவை நடத்திக்கொண்டிருந்தார். அவர் 'ஏற்கெனவே உள்ளே இருப்பவர்'. பிற்பாடு ஃபாரல், கேஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் இந்தப் பட்டியலை ஆராய்ந்து, இது குற்றத்தைப் பிடித்ததைவிட ஓர் இனத்தைக் குறிவைத்ததுதான் அதிகம் என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். அவர்கள் சொல்வதை என்னால் முழுதாக ஒதுக்க முடியவில்லை.

பதினொருவரில் ஒருவரான மார்ஷல் கைஃபானோ அந்த அக்டோபரிலேயே வேகாஸுக்கு வந்து காசினோ காசினோவாக நடந்தார். வாரியத்தின் ஆட்கள் பின்னாலேயே போனார்கள். அவரைத் தொடவில்லை. தொட அதிகாரம் இல்லை. அதற்குப் பதிலாக, அவர் உட்கார்ந்த காசினோக்களில் வார இறுதிக் கூட்டத்துக்கு நடுவே மேசைகளிலிருந்து பகடைகளையும் சீட்டுக் கட்டுகளையும் 'பரிசோதனைக்கு' என்று அள்ளிக்கொண்டு போனார்கள். ஆட்டம் நின்றது. முதலாளிகளுக்குப் புரிந்தது. கடைசியில் டெஸர்ட் இன்னிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். கைஃபானோ ஆளுநர் மேலேயே வழக்குப் போட்டார். என்னுடைய குடியுரிமை என்னாவது என்று கேட்டார். கேட்டவர் சிகாகோ கும்பலின் ஆள். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் சட்டமன்றம் பட்டியலுக்கு ஒரு முறையான சட்டமும், பெயர் சேர்க்குமுன் நோட்டீஸும் விசாரணையும் வேண்டும் என்ற விதியும் கொண்டுவந்தது. ஏழு வருடம் கழித்து.

"நம்ம ஆளுங்க செக் போஸ்ட்ல லாரியை நிறுத்தி வைப்பாங்களே, அந்த மாதிரி. கேஸ் போட முடியாது. ஆனா தக்காளி அழுகிடும்" என்றார் அப்பா.

இந்த நிலையில்தான் 1961-ல் எட் ஓல்சன் வாரியத் தலைவர் ஆகிறார். அதற்கு முன் ரீனோவில் அசோசியேட்டட் பிரஸ்ஸின் நிருபராக இருந்தவர். போலீஸ்காரரும் இல்லை, வக்கீலும் இல்லை, கணக்காளரும் இல்லை. பதவியை விட்ட பிறகு நெவாடா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காக அவர் பேசியதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் படித்தேன். பெருமை அடித்துக்கொள்ளாத குரல். கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் நையாண்டி. ஏஜென்சி நிருபருக்கு ஒரு பழக்கம் உண்டு: யார், எப்போது, எங்கே, என்ன சொன்னார் என்று உடனே எழுதிவிட வேண்டும், மறுநாளைக்கு விட்டால் வேறு கதையாகிவிடும். அவரை அந்த நாற்காலியில் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

1963 கோடை. கறுப்புப் புத்தகத்தின் பதினொருவரில் பெரிய பெயர் சாம் ஜியங்கானா, சிகாகோவின் தலைவர். எஃப்.பி.ஐ. அவரை நிழல்போலத் தொடர்ந்தது. பொறுக்க முடியாமல் அவர் நீதிமன்றம் போனார். எஃப்.பி.ஐ. தள்ளி நிற்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். கோல்ஃப் ஆடும்போதுகூட இரு தரப்புக்கும் நடுவே வேறொரு கோஷ்டி ஆட இடம் விட வேண்டுமாம்! (உத்தரவு மேல்முறையீட்டில் அடிபட்டது, அது வேறு விஷயம்.) இந்தக் கூத்துக்குப் பிறகு ஜூலையில் ஜியங்கானா தாஹோ ஏரிக்கு வந்து சேர்ந்தார். மெக்குவயர் சகோதரிகள் என்ற பாடகிகள் கேல்-நீவாவில் பாடிக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஃபிலிஸ் அவருடைய காதலி. அவருக்கு ஒதுக்கியிருந்த குடிலிலேயே ஜியங்கானாவும் தங்கினார். விடுதியில் சரிபாதி சினாட்ராவுடையது. வேகாஸின் சாண்ட்ஸ் காசினோவிலும் அவருக்கு ஒன்பது சதவீதம் இருந்தது.

ஜியங்கானா சத்தமில்லாமல் வந்து போயிருந்தால் கதையே இல்லை. குடிலில் ஒரு இரவு அவருக்கும் சகோதரிகளின் மேலாளருக்கும் கைகலப்பு. சண்டை என்றால் பேச்சு கசியும். வாரியத்தின் காதுக்கும் வந்தது. ஆகஸ்டில் ஓல்சன் சினாட்ராவை நேரில் விசாரித்தார். ஜியங்கானாவைப் பார்த்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார் சினாட்ரா. நெவாடாவுக்குள் இனி சந்திக்க மாட்டேன், ஆனால் நட்பை முறிக்கச் சொன்னால் முடியாது என்றார். நேர்மையான பதில்தான், ஒரு விதத்தில்.

அந்த மாதக் கடைசியில் விசாரணை நடப்பது பத்திரிகையில் வந்துவிட்டது. தொழிலாளர் தின வார இறுதி, வருடத்தின் பெரிய கூட்டம் வரும் நாட்கள். சினாட்ராவின் கணக்காளர் ஓல்சனுக்குத் தொலைபேசியில், கேல்-நீவாவுக்குச் சாப்பிட வாருங்களேன், பேசிக்கொள்ளலாம் என்றார். அந்தக் கணக்காளர் யார்? முன்பு இதே கட்டுப்பாட்டு வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர்! ஓய்வு பெற்ற அதிகாரி எதிர்த்தரப்பு ஆலோசகராக மாறுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் போலிருக்கிறது. விசாரணை நடக்கும்போது விருந்துக்கு வர முடியாது என்றார் ஓல்சன். கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி அடித்தது. சினாட்ராவே.

அந்த உரையாடலை ஓல்சன் கையோடு ஒரு குறிப்பாக எழுதி ஃபைலில் வைத்தார். அமெரிக்கச் சூதாட்ட வரலாற்றில் அதைவிடப் பிரபலமான அரசாங்கக் குறிப்பு இருக்க முடியாது. அதில் சினாட்ரா பேசியதில் பாதியை எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் அச்சேற்ற முடியாது. சாரம் இதுதான்: நீ போலீஸ்காரன் மாதிரி நடந்துகொள்கிறாய், நான் உன்னோடு தனியாக, ஏட்டில் ஏறாமல் பேச வேண்டும். ஓல்சன், பேசுவதென்றால் அலுவலகத்தில், பதிவாகும்படிதான் பேச முடியும் என்கிறார். சம்மன் அனுப்பிப் பார், உனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது என்கிறார் சினாட்ரா. அதே வார இறுதியில், பணம் எண்ணுவதைப் பார்வையிடப் போன வாரியத்தின் இரண்டு ஆட்களிடம், விடுதியை நடத்திய 'ஸ்கின்னி' டமாட்டோ ஆளுக்கு நூறு டாலர் திணிக்கப் பார்த்தார். வாங்கவில்லை. அதுவும் ஃபைலுக்குப் போனது.

இந்தக் குறிப்பை அச்செடுத்து ஒரு நாள் இரவு அப்பாவுக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். கெட்ட வார்த்தைகளைத் தாண்டிப் போனேன். அவர் அவற்றைக் கேட்டு வாங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

அப்பா சொன்ன கதை இது. எண்பதுகளில் ஒரு தாலுக்கா டவுன். அங்கே கேளிக்கை வரியும் அவர் பொறுப்பு. தியேட்டர் டிக்கெட்டுகளில் முன்கூட்டியே ஆபீஸ் முத்திரை குத்தித்தான் விற்க வேண்டும். ஒரு தியேட்டரில், ஊர் பேர் வேண்டாம், ஒரே சீரியல் நம்பரில் இரண்டு புத்தகம் ஓடுவதாகத் தகவல். பொங்கல் ரிலீஸ் அன்று இடைவேளையில் விளக்குப் போட்டதும் இவர் இரண்டு ஆட்களோடு போய்த் தலைகளை எண்ணினார். டிக்கெட்டைவிடத் தலைகள் ஏகத்துக்கு அதிகம். மறுநாள் காலை ஆபீஸுக்கு ஒரு போன். பேசியவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. தம்பி, சாப்டாச்சா என்று ஆரம்பித்தார். பண்டிகை நேரம், பெரிய இடத்துப் படம், சின்னதா ஒரு வார்னிங்கோட முடிச்சுக்குங்க என்றார்.

"முடிச்சுட்டேன்" என்றார் அப்பா. "அதுகூடப் பரவாயில்லடா. அந்த போன் வந்ததை நான் எங்கயும் எழுதல. ஃபைலைப் பார்த்தா, தலை எண்ணினதுல நானே தப்பு பண்ணிட்ட மாதிரிதான் இருக்கும். இந்த மனுசன் எழுதியிருக்கான் பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து, "பொண்ணு கல்யாணத்துக்கு இருந்தா, இவரு என்னத்த எழுதுறது" என்றாள். அதுவும் சரிதான்.

ஓல்சனுக்கு மட்டும் எப்படித் தைரியம் வந்தது? அவருக்கு மேலே ஓர் ஆளுநர் விலகாமல் நின்றார். என்னுடைய முக்கியமான விடை இது. செப்டம்பர் 11 அன்று வாரியம் சினாட்ரா மேல் முறைப்படி குற்றச்சாட்டு தாக்கல் செய்தது. ஜியங்கானாவை இடம் கொடுத்து வைத்திருந்தது, அதிகாரியை மிரட்டியது, ஆட்களுக்குப் பணம் நீட்டியது எல்லாம் அதில் இருந்தன. இரண்டே வாரம் கழித்து, செப்டம்பர் 28-ல் ஜான் கென்னடி லாஸ் வேகாஸுக்கு வந்தார். 1960 தேர்தலில் சினாட்ரா அவருக்காகப் பாடியவர், நிதி திரட்டியவர். வந்த இடத்தில் ஆளுநரிடம் கென்னடி, என் நண்பன் ஃபிராங்கை என்ன செய்கிறீர்கள் என்ற மாதிரி விசாரித்தாராம். நெவாடா விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தேசத்தை நீங்கள் பாருங்கள் என்கிற தொனியில் பதில் சொன்னதாகச் சாயர் பதிந்திருக்கிறார். ஜனாதிபதி கேட்டுவிட்டாரே என்று சாயர் அன்றைக்குக் கொஞ்சம் நெளிந்திருந்தால், ஓல்சனின் குறிப்பு அலமாரியில் தூங்கியிருக்கும்.

இதில் ஒரு குரூர வேடிக்கை இருக்கிறது. அந்த நாட்களில் ஓல்சனுக்கும் சாயருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்று 1975-ல் செனட் விசாரணையில் வெளியே வந்தது. ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. கூட்டுச் சேர்த்துக்கொண்டவர்களில் இதே ஜியங்கானாவும் ஒருவர். சூதாட்ட மேசைக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது என்று ஒரு சிறிய மாநிலம் பட்டியல் போட்டு வைத்திருந்த ஆளுடன், தேசத்தின் உளவுத்துறை ரகசியமாக வேலை பார்த்திருக்கிறது. அந்த விசாரணைக் குழு முன் சாட்சி சொல்வதற்குள், 1975 ஜூனில் ஜியங்கானா தன் வீட்டு அடித்தளச் சமையலறையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சினாட்ராவின் வக்கீல் ஹாரி கிளெய்போர்ன். (பின்னாளில் மத்திய நீதிபதியாகி, வரி ஏய்ப்பில் தண்டனை பெற்று, 1986-ல் செனட்டால் பதவி நீக்கப்பட்டவர். நெவாடாக் கதைகளில் யாரும் ஒரு பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை.) எதிர்த்து வாதாடுவார்கள், மாதக்கணக்கில் இழுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பதில் மனுவே வரவில்லை. அக்டோபர் 7-ல் சினாட்ரா தான் சூதாட்டத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். 22-ம் தேதி ஆணையம் லைசென்ஸை ரத்து செய்தது. கேல்-நீவா பங்கும் போயிற்று, சாண்ட்ஸ் பங்கும் போயிற்று. பகிரங்க விசாரணை நடந்திருந்தால் ஓல்சனின் குறிப்பு ஒவ்வொரு வரியாக வாசிக்கப்பட்டிருக்கும். சினாட்ரா அதைத்தான் தவிர்த்தார் என்பது என் ஊகம்.

இதற்குப் பிறகு ஒரு முறை ஓல்சன் சாண்ட்ஸில் இருந்தபோது சாமி டேவிஸ் ஜூனியர் நேராக அவரை நோக்கி வந்தாராம். சினாட்ராவின் நெருங்கிய கூட்டாளி. வம்பு வரப்போகிறது என்று ஓல்சன் நினைத்தார். வந்தவரோ, அந்த ஆளுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது, இத்தனை வருடத்தில் எதிர்த்து நிற்க ஒருவருக்கும் துணிவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேயே கதையை முடித்தால் நல்ல சினிமா. ஆனால் அப்பா சினிமாக்காரர் இல்லை, வரிக்காரர். "அதெல்லாம் சரி. அந்த எண்ற ரூம்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் ஓல்சனிடம் பதில் இல்லை. காசினோவின் அன்றாட வசூலைப் பூட்டிய பெட்டிகளிலிருந்து கொட்டி எண்ணும் அறையில், கணக்கில் ஏறும் முன்னே ஒரு பகுதியை எடுத்து ஒதுக்குவதை ஸ்கிம் என்பார்கள். பாலின் ஆடையை எடுப்பது போல. அப்பாவின் மொழியில், இரண்டாம் நம்பர் கணக்கு. அந்தப் பணம் வரி கட்டாமல் கிழக்கே பெரிய நகரங்களின் தலைவர்களுக்குப் பெட்டியில் போனது. 1961 முதல் 63 வரை எஃப்.பி.ஐ. லாஸ் வேகாஸ் காசினோ முதலாளிகளின் அறைகளில் திருட்டுத்தனமாக ஒலிவாங்கி வைத்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. டெஸர்ட் இன், ஃப்ரீமாண்ட் எல்லாம் அதில் உண்டு. மாநில அரசிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டவிரோத ஒட்டுக்கேட்பு என்பதால் நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது. ஓல்சன் சினாட்ராவோடு மல்லுக்கட்டிய அதே கோடையில், நாநூறு மைல் தெற்கே நிஜப் பணம் பின்வாசல் வழியே போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் வாரியம் பிடித்தது வெறும் பொம்மையா? ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. 1963-க்கு முன் லைசென்ஸ் ஒரு சலுகை என்பது தாளில் இருந்த வாக்கியம். நாட்டிலேயே பிரபலமான மனிதரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிய பிறகுதான் மற்ற முதலாளிகள் அதை நம்பினார்கள். பின்னால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கும்பல்களின் ஆட்களை ஒவ்வொருவராக வெளியேற்றியபோது வாரியம் நின்றது அந்த அஸ்திவாரத்தில்தான். கைஃபானோவுக்கு நடந்த அநியாயமும் அதே அஸ்திவாரத்தின் ஒரு கல். இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

அரசியல் மாறியதும் என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1966-ல் ஒட்டுக்கேட்பு விவகாரம் வெடித்தது. சாயர் எஃப்.பி.ஐ.யின் ஹூவரைப் பகிரங்கமாகத் தாக்கினார். அந்த நவம்பரில் தேர்தலில் தோற்றார். ஓல்சன் பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்பு வேலைக்குப் போய்விட்டார். அதே மாதம் ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரர் இரவில் ரயிலில் வந்து டெஸர்ட் இன்னின் மேல்மாடியில் குடியேறினார். யார் கண்ணிலும் படாத மனிதர். 1967-ல் அந்த ஓட்டலையே டாலிட்ஸ் கோஷ்டியிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, ஆணையத்தின் முன் ஒரு முறைகூட நேரில் வராமலே அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. புதிய ஆளுநர் பால் லாக்ஸால்ட் அவரை மாநிலத்தின் ரட்சகராக வரவேற்றார். நாலு வருடம் முன்புதான், தகுதியை நீதான் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு பாடகரிடம் சொன்ன அதே மாநிலம்.

1981-ல் சினாட்ராவின் மறு விண்ணப்பம் விசாரணைக்கு வந்தது, சீஸர்ஸ் பேலஸுக்காக. கிரெகரி பெக் வந்து நற்சான்று சொன்னார். ஜனாதிபதி ரேகனின் பெயரும் சிபாரிசுப் பட்டியலில் இருந்தது. லைசென்ஸ் கிடைத்தது.

என் தொழிலுக்குள் புழங்கும் கதை ஒன்றையும் அப்பாவிடம் சொன்னேன். 1995-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒருவர் கீனோ ஆட்டத்தில் ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். ஜெயித்தவர் துளியும் குதிக்கவில்லை என்பதால் சந்தேகம் வந்தது. நூல் பிடித்துப் போனால் மறுமுனையில் ரான் ஹாரிஸ் என்ற கணினி வல்லுநர். எங்கே வேலை? நெவாடா கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்னணுப் பிரிவில். மெஷின்களில் மோசடி இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவர் வேலை. சோதனைக் கருவியையே திருத்தி மெஷின்களில் தன் நிரலை ஏற்றியிருந்தார். சிறைக்குப் போனார். பின்னர் அவர் பெயரும் கறுப்புப் புத்தகத்தில் ஏறியது. இன்று என் நிரலை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சரிபார்ப்பதற்கு அவரும் ஒரு காரணம். அப்பா ஆச்சரியப்படவே இல்லை. "முத்திரை குத்துறவன்கிட்டதானே முத்திரை இருக்கும்" என்றார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் ரீனோ விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. அங்கேயும் காத்திருப்போர் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஸ்லாட் மெஷின்கள் வரிசையாக மின்னின. அப்பா என்னிடம் ஒரு டாலர் கேட்டு வாங்கி, ஒரு மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பதிவு எண்ணைக் குனிந்து படித்துவிட்டு, பணத்தை நுழைத்தார். மூன்று முறை பொத்தானை அழுத்தினார். கோபுரமும் செர்ரிப் பழமும் உருண்டன. அறுபது சென்ட் போயிற்று. போதும் என்று நிறுத்தச் சொன்னார். மீதி நாற்பது சென்ட்டுக்கு மெஷின் ஒரு சீட்டை அச்சடித்துத் தள்ளியது. தேதி, நேரம், மெஷின் எண், சீட்டு எண், தொகை.

காசாக மாற்றிக்கொண்டு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று சொல்லி, சீட்டை இரண்டாக மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.